இல்லாத எறும்புகள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. ஊரார் பார்வையைச் சரிசெய்கிறவன். கடுகளவு திருகாணியைக் கண்ணாடிக் காம்பில் பொருத்தும்போது கை நடுங்கக் கூடாதே என்றுதான் காலையிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொள்வேன். நடுங்க வைத்ததே அதுதான் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. மருந்து மாதிரிக் குடித்தேன், மருந்துக்குக்கூடக் குறைக்கவில்லை.

ஒரு நாள் மனைவி கத்தவில்லை, அழவில்லை. "உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது" என்று துணி மடிக்கப் போய்விட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்த பாட்டிலை சிங்க்கில் கவிழ்த்துவிட்டு, இனி ஒரு சொட்டுத் தொடுவதில்லை என்று சபதம் போட்டேன்.

மூன்றாம் நாள், பழுதுபார்க்கக் கொடுத்திருந்த கண்ணாடியை வாங்க ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். அதன் மேல் சாரை சாரையாக எறும்பு. ஊதினேன், துடைத்தேன், ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேஜையில் விட்டேன்.

"என்ன சார் பண்றீங்க?"

"எறும்பு மேடம். ஒரு நிமிஷம், எடுத்துட்டுத் தர்றேன்."

"எனக்குத்தான் கண்ணு சரியில்லன்னு நினைச்சேன்" என்று சிரித்தவர், என் முகத்தில் வழிந்த வேர்வையைப் பார்த்ததும் முதலாளியைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "திடீர்னு நிறுத்தச் சொன்னது யாரு?"

"நானேதான்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"வலிப்பு வந்திருந்தா உயிரே போயிருக்கும். உங்க மூளை குடிக்குப் பழகிடுச்சு, திடீர்னு நிறுத்தினதாலதான் இல்லாததெல்லாம் தெரியுது. மருந்து கொடுத்து, பக்கத்துல இருந்து பார்த்துதான் நிறுத்தணும். வீரம் காட்டுற விஷயமில்ல, இது நோய்."

ஒன்பது நாள் ஊசி, மாத்திரை, தூக்கம். அதன் பிறகுதான் நிஜ வேலையே என்றார்கள்: குடியை விட்டவர்களுக்கு வாரம் ஒரு கூட்டம், வட்டமாக நாற்காலி. இரண்டே மாதத்தில் மற்றவர்களுக்கு உபதேசம் செய்யுமளவுக்கு உயர்ந்துவிட்டேன். நான்காம் மாதம் மச்சான் வீட்டு விருந்தில் "ஒண்ணே ஒண்ணு" என்று ஆரம்பித்து, யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

எந்த முகத்தோடு கூட்டத்துக்குப் போவது? இரண்டு வாரம் டிமிக்கி கொடுத்தேன். மனைவிதான் வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

"வந்துட்டீங்கல்ல, உட்காருங்க" என்றார் கூட்டத்தை நடத்தும் ஆலோசகர். "யார்கூட இருக்கும்போது, எந்த நேரத்துல கை நீளுதுன்னு பார்ப்போம்."

திட்டு வாங்கத் தயாராகப் போன எனக்குப் பெரிய ஏமாற்றம். அன்று உபதேசம் எதுவும் செய்யவில்லை, அழுதேன்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் ஓடிவிட்டது. கூட்டத்துக்கு இன்னும் போகிறேன். மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி அருகில் வந்து மெதுவாக மூச்சை இழுத்துப் பார்க்கிறாள். பாசம் என்று எடுத்துக்கொள்கிறேன்.