ஒரே இசைத்தட்டு பன்னிரண்டு

காரைக்குடி பேருந்து நிறுத்தத்தில், என் கையிலிருக்கும் ராக் இசைத்தட்டைப் பார்த்ததும் ஓர் இளைஞர் நின்றுவிடுகிறார். அவர் அழைக்க, தேவகோட்டை பஸ்ஸை விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போகிறேன்.

அலமாரியில் அதே இசைத்தட்டு, உறை பிரிக்காமல் பதினொன்று.

“ஒண்ணுதான் கேட்டு எழுதினேன். எங்க வீட்ல எதையும் டஜனாத்தான் வாங்குவாக. பினாங்குலேருந்து அப்பச்சி பன்னெண்டு அனுப்பிட்டாக.” அப்பாவைத்தான் அப்பச்சி என்கிறார்.

பன்னிரண்டாவது தட்டு ரேடியோகிராமில் சுழல்கிறது. கிதார் ஒலி முற்றத்து வெயிலில் மிதக்கிறது.

“இந்த மாதிரி நேர்ல கேட்டிருக்கீகளா?”

பம்பாயில் நான் கேட்ட ராக் கச்சேரியைச் சொல்கிறேன். நடுவில் மின்சாரம் போனபிறகும் இருட்டில் டிரம்ஸ் மட்டும் ஒலித்துக்கொண்டே இருந்ததைச் சொல்லும்போது, அவர் கண்களை மூடிக்கொள்கிறார். விரல்கள் தூணில் தாளமிடுகின்றன.

புறப்படும்போது பிரிக்காத ஒன்றை என் கையில் வைக்கிறார்.

“என்கிட்டதான் இருக்கே.”

“இருக்கட்டும். இதை ரசிக்கிறவகளுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும்னு மூணு வருஷமா வச்சிருக்கேன். நீங்கதான் மொத ஆளு.”