தனியாக வந்த காகிதம்

கனஜோஹரி ஊரில் கவென்னீயோவிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. கரடிக் குலத்தின் மூத்த பெண் அவள். ஆற்றோரச் சோளக்கொல்லை அவள் குலத்துப் பெண்களுடையது. சிப்பி மணி கோத்துப் பட்டி பின்னுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மணிப்பட்டி துணைக்கு வராத சொல்லை எங்கள் மோஹாக் இனத்து ஊர்களில் யாரும் சொல்லாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பனி உருகிய கையோடு, கடல் தாண்டி வந்த வெள்ளைக்கார அரசரின் அதிகாரி பெல்ஃபோர்ட் துரையிடமிருந்து கடிதம் வந்தது. தேவாலயப் பள்ளியில் எழுத்துப் படித்த அவள் தம்பி பவுலுஸ் வாசித்தான். ஆற்றோரக் கொல்லை குடியேறிகளுக்கு வேண்டுமாம். உடனே வந்து பத்திரத்தில் குறி போட்டுத் தர வேண்டுமாம். கீழூர்க்காரர்கள் இப்படித்தான் போய், அங்கே ஊற்றிக் கொடுத்த ரம் சாராயத்தைக் குடித்துவிட்டு ஒரே நாளில் நிலத்தைத் தொலைத்தார்கள்.

"பட்டி எங்கடா?" என்றாள் கவென்னீயோ.

"கடுதாசி மட்டுந்தான்க்கா வந்துச்சு."

"அப்ப அது காத்துல வந்த பேச்சு. பட்டியோட அனுப்பச் சொல்லு."

மூன்று வாரம் கழித்துப் பட்டி வந்தது. அவசரத்தில் எங்கோ வாங்கியிருக்கிறார்கள். முழுக்கக் கறுப்பு மணி, பேருக்குக்கூட ஒரு வெள்ளை மணி இல்லை. கறுப்புப் பட்டி என்றால் சாவுச் சேதி. துரைக்கு அது தெரியாது என்பது கவென்னீயோவுக்கு நன்றாகத் தெரியும்.

"ஐயோ பாவம், துரை வீட்டுல யாரோ தவறிட்டாங்க. துக்கம் கேக்காம நெலத்தப் பத்திப் பேசுனா நல்லாவா இருக்கும்? எல்லாரும் கெளம்புங்க!"

"எல்லாருமாக்கா?"

"கைப்புள்ள வரைக்குந்தான். வந்தவங்களுக்கு வீட்டுக்காரருதானே சாப்பாடு போடணும்?"

எண்பத்து நான்கு பேர் துரையின் வாசலில் போய் இறங்கினார்கள். துரை திருதிருவென்று விழித்தார். முதல் நாளே ஒரு மாடு அடித்தார்கள். அவர் நிலம் என்று வாயெடுக்கும் போதெல்லாம் பவுலுஸ் கைகூப்பாத குறைதான்: "கண்ணீரத் தொடைக்காம காரியம் பேசக் கூடாதுங்க, துரை." நான்கு நாளில் மூன்று மாடு போயிற்று. கவென்னீயோ நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினாள்.

ஐந்தாம் நாள் துக்கம் ஆற்றும் சடங்கு. பவுலுஸ் மூன்று மணிச்சரங்களை ஒவ்வொன்றாகத் துரை கையில் கொடுத்தான்.

"இதால உங்க கண்ணத் தொடைக்கிறோம். இதால காதடைப்ப எடுக்கிறோம். இதால தொண்டையில சிக்குன துக்கத்த எறக்குறோம்."

துரை மூன்று சரங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எங்கம்மா செத்துட்டாங்க. போன பனிக்காலத்துல ஊருலேருந்து கடுதாசி வந்துச்சு. இங்க ஒருத்தர்கூட என்னன்னு கேக்கல."

பவுலுஸ் மொழிபெயர்த்ததும் கவென்னீயோவின் குறும்பெல்லாம் எங்கோ ஓடிவிட்டது. வெட்கமாக இருந்தது. தந்திரம் என்று நினைத்து வந்தாள். அந்தக் கறுப்புப் பட்டி உண்மையைத்தான் சொல்லியிருந்தது. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா எப்படிப்பட்டவங்க, துரை?"

"கோவக்காரி. வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் முட்டைக்கோசு போட்டிருப்பா. அந்தப் பாத்தியில ஒருத்தனையும் கால் வைக்க விடமாட்டா."

"நாங்களும் அப்படித்தான், துரை."

முதலில் சிரித்தது துரைதான். பிறகு எண்பத்து நான்கு பேரும் சிரித்தார்கள்.

அன்று மாலையே துரை ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். கொல்லை பெண்களுடையது, அவர்கள் தர மாட்டார்கள் என்று எழுதியதைப் பவுலுஸ் இரண்டு முறை உரக்கப் படித்தான். கவென்னீயோ தன் மடியிலிருந்து, சமாதானச் சேதிக்கென்று முழுக்க வெள்ளை மணியால் தானே பின்னிய பட்டியை எடுத்துக் கடிதத்தைச் சுற்றிக் கட்டினாள்.

"தனியா அனுப்பாதீங்க, துரை. பாவம், யாரும் கேக்க மாட்டாங்க."