நலம் விசாரிக்கப் போன இடத்தில்

கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் நான் சுருக்கெழுத்துக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. இங்கிலீஷ் இலக்கணத்தைக் கும்பகோணத்திலேயே நெட்டுருப் போட்டு வந்திருந்தேன். அந்தக் கர்வம் எனக்கு நிறைய உண்டு. ஆபீஸில் யாராவது ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதிவிட்டால், அந்த ‘அபௌட்’டைச் சிவப்பு மசியால் அடித்து, நாலு பேர் காதில் விழும்படி காரணமும் சொல்வேன். வங்காளி குமாஸ்தாக்கள் என்னை ‘மாஸ்டர் மோஷாய்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வாத்தியார் ஐயா என்று அர்த்தம். அது கேலி என்பது எனக்கு உறைக்க வெகு நாளாயிற்று.

என் சிவப்பு மசிக்கு அதிகமாக ஆளானவர் பக்கத்து மேஜைக்காரர். என்னைவிட ஒரு வயது சின்னவர். ஊரின் தெற்குக் கோடியில் இருக்கும் பெஹாலாவிலிருந்து நடந்தே வருவார். கடிதக் கட்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. எந்தக் கடிதம் எந்தக் கட்டில் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எழுதும்போது தப்பு வருமே தவிர, எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை பேசுவது எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகப் புரியும். துரை வீட்டுக் குழந்தைகளுக்குச் சில மாதம் வங்காளி சொல்லிக்கொடுக்கப் போனவர்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் அவருக்கு மலேரியா கண்டது. நாலைந்து நாளாக ஆபீஸுக்கு வரவில்லை. ஒரு நாள் காலை துரை ஒரு பழைய கடிதத்தைத் தேடி அலமாரியையே கலைத்துப் போட்டார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டுக் கடிதம் சொல்லி முடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டே ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது இவ்வளவு: “பெஹாலாவுக்குப் போய், ஆஸ்க் ஆஃப்டர் ஹிம் ஃபார் மி.”

ஆஸ்க் என்றால் கேள். ஆஃப்டர் என்றால் பிறகு. ஃபார் மி என்றால் எனக்காக. சொல் ஒவ்வொன்றும் தெரிந்ததுதான். ஆனால் மூன்றும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை. நம் பாஷையில் அவனைக் கேள், அவனிடம் கேள், அவனுக்காகக் கேள் என்று பெயரின் வாலிலேயே அர்த்தம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவர்களுக்கோ வினைச்சொல்லுக்குப் பின்னால் நிற்கும் ஒரு சின்னச் சொல் வினையையே வேறாக்கிவிடுகிறது. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. “என்ன சொன்னீர்கள்?” என்று துரையைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். மாஸ்டர் மோஷாய் எப்படிக் கேட்பார்? காலையில் கடிதத்தைத் தேடினாரே, ஆபீஸ் முடிந்த பிறகு போய் ஆளை வரச் சொல்லத்தான் சொல்கிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

சாயங்காலம் பெஹாலா போனேன். குளத்தங்கரையில் ஓட்டு வீடு. இரண்டு கம்பளிக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். முக்காட்டு நுனி மட்டும் தெரிந்தது. நாங்கள் பேசியது பாதி இங்கிலீஷ், பாதி வங்காளி.

“துரை உம்மை வரச் சொன்னார்” என்றேன்.

“இந்த நிலைமையிலயா?”

“காலையில ஒரு கடிதம் கிடைக்கலை. அதுக்காகத்தான் இருக்கும்.”

சற்று யோசித்துவிட்டுக் கேட்டார். “அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க, மாஸ்டர் மோஷாய். ஆஸ்க் ஃபார்னு சொன்னாரா, ஆஸ்க் ஆஃப்டர்னு சொன்னாரா?”

சுரீரென்று கோபம் வந்தது. நான் தினமும் திருத்துகிற ஆள் என்னைத் திருத்துவதா?

“என் இங்கிலீஷ் மேல உமக்குச் சந்தேகமா?”

“இல்லை, இல்லை. தப்பா நினைக்காதீங்க” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை ஒரு வாடகைக் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். சால்வையைத் தலையோடு போர்த்தியிருந்தார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். வந்ததும் கட்டைப் பிரித்து அந்தக் கடிதத்தை எடுத்தார். அதற்குள் துரை அறையிலிருந்து வெளியே வந்தார்.

“உன்னை யார் வரச் சொன்னது? எப்படி இருக்கிறாய் என்று பார்த்துவரத்தானே ஆள் அனுப்பினேன்?”

பக்கத்து மேஜைக்காரர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் டைப்ரைட்டரைக் குனிந்து பார்த்தேன். அதில் காகிதம்கூட மாட்டியிருக்கவில்லை.

“யாரும் சொல்லலை, சார். கடிதம் வேணுமேன்னு நானாத்தான் வந்தேன்” என்றார் அவர்.

துரை அவரை முட்டாள் என்று எல்லோர் முன்னாலும் திட்டித் தம்முடைய வண்டியிலேயே திருப்பி அனுப்பினார். இடைவேளையில் அகராதியைப் பார்த்தேன். ஆஸ்க் ஆஃப்டர்: நலம் விசாரித்தல். ஒரே வரி. ‘ஆஸ்க் ஃபார்’ என்றிருந்தால்தான் ஆளை வரச் சொல்லிக் கேட்பது.

அன்றைய அலைச்சலில் அவருக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. இரண்டு நாள் நினைவே இல்லை என்று கேள்விப்பட்டேன். வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காளிகட்டில் எங்கள் ஒண்டுக்குடித்தன அறையில் என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“அவர் ஜுரத்தோட அத்தனை தூரம் வந்திருக்கார். நீங்க வாயைத் திறக்கலையா?”

“எப்படிச் சொல்றது?”

“அவர் ஆத்துக்காரிகிட்டயாவது போய்ச் சொல்லிட்டு வாங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்றவளிடம், என் ஓட்டை வங்காளியில், துரை வரச் சொல்லவில்லை, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொன்னேன். வினைச்சொற்கள் எல்லாம் இடம் மாறி விழுந்தன. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அன்னிக்கு நீங்க போனதுமே அவர் சொன்னார், விசாரிச்சுட்டு வரத்தான் அனுப்பியிருப்பார்னு” என்றாள். “போகாதீங்கன்னு நான் அழுதேன். ஒருவேளை நிஜமாவே கூப்பிட்டிருந்தா வேலை போயிடுமேன்னு கிளம்பினார்.”

பிறகு, “ஜல் காபேன்?” என்று கேட்டாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று. ஒரு செம்பில் தண்ணீரும் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு ஒன்றும் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

ஐந்து வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். முடி கொட்டி, சட்டை தோளில் தொங்கியது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, “அவள் சொன்னாள், விடுங்க” என்று கட்டைப் பிரிக்கப் போய்விட்டார். அதன் பிறகு நான் அவர் எழுதியதில் கை வைக்கவில்லை. அதற்காக அவர் என்னைப் பெருமையாக நினைத்ததாகவும் தெரியவில்லை.

ஆனால் துரையிடம் நான் சொல்லவே இல்லை. அவர் சீமைக்குத் திரும்பும்வரை, எங்களில் இங்கிலீஷ் நன்றாகப் புரிகிற ஒரே மனிதரைப் புத்தியில்லாதவர் என்றே எண்ணியிருந்தார். அந்த வருஷம் பெரிய குமாஸ்தா வேலை காலியானபோது துரை என்னைத்தான் போட்டார். மறுக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்து, அந்தப் பெரிய மேஜையில் உட்கார்ந்தேன்.