அக்கினி பதிவேடு வைப்பதில்லை

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் ராஜ்மதி ரொட்டிக்குள் பூசணிக் கறியை வைத்துச் சுருட்டுவாள். லம்பாசா பஸ் நிலையத்தில் அவள் கடை. வாங்க வந்த பெண்ணின் விரலில் புது மோதிரத்தைக் கண்டால் விடமாட்டாள். "மாப்பிள்ளை பேரைப் பதிவு ஆபீஸ்ல தேடிப் பாத்தியா? என்ன வெக்கம்? மீன் வாங்கினா செவுளைத் தூக்கிப் பாக்குறல்ல?"

எங்கள் ஃபிஜி வீடுகளில் முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. சில மாதம் கழித்துப் பண்டிட் வந்து நெருப்பைச் சுற்ற வைப்பார். இடையில் சம்பந்தம் முறிந்தால், போட்ட கையெழுத்தையும் முறிந்ததாகவே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை.

அவள் கணவன் விஜேந்திரா அப்படிக் கையெழுத்து மட்டும் போட்ட ஒருத்தியை மறந்திருந்தான். பதினோரு வருடக் குடும்பம், இரண்டு பெண் குழந்தைகள். நியூசிலாந்து வேலைக்கென்று அவன் சான்றிதழ்களை வாங்கப் பதிவு அலுவலகம் போனவள், வேறொருத்தியின் பெயரோடு திரும்பினாள்.

"அது சும்மா கையெழுத்து மதி! நெருப்பைச் சுத்தவே இல்லையே!"

"நம்ம கல்யாணத்தப்போ 'மணமாகாதவன்'னு எழுதிக் குடுத்தது யாரு, நெருப்பா?"

அவனைத் தாய் வீட்டுக்கு அனுப்பினாள். "வெளிய சொல்லாத, ஊரு சிரிக்கும்" என்றாள் மாமியார். மறைத்தவனுக்கு மறதி, ஏமாந்தவளுக்கு மானக்கேடு. எவ்வளவு நேர்மையான பங்கீடு!

இலவசச் சட்ட உதவி வக்கீல் பொறுமையாக விளக்கினார். முதல் திருமணம் ரத்தாகாததால் இரண்டாவது செல்லாது. நீதிமன்றத்தில் அப்படி அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். போலீசில் புகார் தரலாம், அது குற்றம். எந்த வழியில் போனாலும் குழந்தைகளின் பராமரிப்பையும் வீட்டில் பங்கையும் கேட்கும் உரிமை போகாது.

"பேசாம விவாகரத்து வாங்கிடு" என்றான் அண்ணன்.

"நடக்காத கல்யாணத்தை எப்படிண்ணே முறிக்கிறது? நடக்கலைன்னே எழுதி வாங்குறேன்."

வழக்குக்கு முன் ஒரு வாரம் கடையிலேயே ஒத்திகை. பக்கத்தில் கிழங்கு விற்கும் லிட்டியா, பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் நீதிபதியாக உட்கார்ந்தாள். "பொம்பள! இந்த ஆளு உன் புருஷனா?"

"அதைத்தாங்க நானும் கேக்க வந்திருக்கேன்!"

பஸ் நிலையமே சிரித்தது. டிரைவர்கள் வண்டியைக் கிளப்ப மறந்தார்கள்.

நீதிமன்றத்துக்கு விஜேந்திரா பண்டிட்டையும் அழைத்து வந்திருந்தான். அக்கினி சாட்சி இல்லாத பழைய கையெழுத்து கல்யாணமே இல்லை என்று அவர் சொன்னால், ராஜ்மதி தன் மனைவியாகவே இருப்பாள் என்பது அவன் கணக்கு. வராந்தாவிலேயே அவள் சொல்லிவிட்டாள்: "அக்கினி பதிவேடு வைக்கிறதில்ல, பண்டிட்ஜி."

உள்ளே நீதிபதி பழைய சான்றிதழைப் பார்த்தார். "இதுல பேர் இருக்கிற பெண்ணை விவாகரத்து செஞ்சீங்களா?" என்று விஜேந்திராவிடம் கேட்டார். "இல்லீங்க" என்றான். பண்டிட்டின் சாட்சி தேவைப்படவே இல்லை. கால் மணி நேரத்தில் உத்தரவு வந்தது: ராஜ்மதியின் திருமணம் செல்லாது.

ஊருக்குத் திரும்ப ஒரே பஸ். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே ஏறிய விஜேந்திரா, பதினோரு வருடப் பழக்கத்தில் அவள் பக்கத்து இடத்துக்கே வந்தான்.

"கொஞ்சம் நகரு, மதி."

ராஜ்மதி அவனைப் பார்த்து மலர்ந்து சிரித்தாள். மடியிலிருந்த கைப்பையை எடுத்து அந்த இடத்தில் வைத்து, அதன் வாரைச் சீராக மடித்துவிட்டாள்.