சுவிட்சு போட்டுப் பார்க்காமல் வாங்கிய வாள்

அந்தச் சனிக்கிழமை காலையில் எங்கள் தோப்பில், பம்ப்செட் அறைக்கு முன்னால் ஐந்து பேர் நின்றோம். அப்பா, அம்மா, நான், எங்கள் திருச்சபையின் குருவானவர், மரம் வெட்டுகிற அண்ணாச்சி ஒருவர். வந்திருக்க வேண்டியவர் இன்னொருவர் உண்டு. எங்களுக்கு அந்த மெஷின் வாளை விற்ற கடையநல்லூர் பாய். அவர் லீவு முடிந்து சவூதிக்குத் திரும்ப, வியாழக்கிழமையே பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பட்டுப்போன புளியமரம். சங்கரன்கோவிலில் அப்பாவுக்குச் சின்னப் பலசரக்குக் கடை. அதில் இருபது வருஷமாகச் சேர்த்ததைப் போட்டு, புளியங்குடி ரோட்டில் நாலு ஏக்கர் தோப்பு வாங்கியிருந்தார். உள்ளே இருநூறு எலுமிச்சை, மூன்றாம் வருஷத்துக் கன்றுகள். சுற்றிலும் பழைய புளி, வேம்பு, உடைமரம். புளிகளில் ஒன்று காய்ந்து இரண்டு வருஷமாகி, கிழக்கே சாய்ந்து, பம்ப்செட் அறையின் ஓட்டுக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நின்றது. எங்கள் பக்கம் ஆனி பிறந்தால் மேற்கேயிருந்து காற்று வரும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று இரண்டு மாதம் நிற்காது. மரம் விழுந்தால் அறை போகும், அறை போனால் மோட்டார் போகும், பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் கன்றுகள் போகும்.

மரம் வெட்டுகிற அண்ணாச்சியைக் கேட்டதற்கு, "ஆடி கழியட்டும், பாப்போம்" என்றார். ஆனிக்கு முன்னால் எல்லாருக்கும் அவர் வேண்டும்.

அப்பா ஒருநாள் கடையில் புளி நிறுத்துக்கொண்டே சொன்னார். "எலே, ஒரு மெஷின் வாளு வாங்கிப் போட்டுட்டா என்ன? வருஷத்துக்கு நாலு நாள் வேலை இருக்கும்லா. காத்துல விழுத கொப்பை எல்லாம் நாமளே அறுத்துக்கிடலாம். எதை வாங்கணும்னு நீ பாத்துச் சொல்லு. நீதான படிச்சிருக்க."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாளையங்கோட்டையில் பி.எஸ்.சி. பௌதிகம் முடித்துவிட்டு, இன்டர்வியூ கார்டு வருமா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் அப்பா இதை என் கையில் கொடுத்தார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'மெஷின் வாள்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். கோயம்புத்தூரிலிருந்து மட்டும் ஓர் அச்சுத்தாள் வந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்து மடிப்பு கிழிந்தது. வாளில் பெட்ரோலில் ஓடுவது ஒரு ஜாதி, கரண்டில் ஓடுவது ஒரு ஜாதி. பன்னிரண்டு அங்குலம் முதல் இருபது அங்குலம் வரை நீளம். புளியமரத்தைக் கயிறு போட்டு அளந்தேன். குறுக்களவு இரண்டடி இருந்தது. இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் பதினாலு அங்குலம் போதும் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் சந்தேகம் வந்து மறுபடி அளந்தேன்.

பிறகு ரயில் ஏறிக் கேரளத்துப் புனலூர் போனேன். அங்கே ரப்பர்த் தோட்டங்களுக்கு வாள் விற்கிற கடைகள் உண்டு. ஒரு கடைக்காரர் பெட்ரோல் வாள் ஒன்றைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அரிசி மூட்டையைக் கைநீட்டிப் பிடித்தது போலிருந்தது.

"மாசத்துல எத்தன நாள் ஓட்டும்?" என்று கேட்டார்.

"வருஷத்துக்கு நாலு நாள்."

அவர் வாளைத் திரும்ப வாங்கித் தரையில் வைத்துவிட்டார். "அப்ப இது வேண்டா. பெட்ரோல் உள்ள கெடந்து கார்புரேட்டர் அடைக்கும். ஓட்டுற நாளவிட ரிப்பேர் நாள் கூடும். கரண்ட் உண்டோ தோப்பில?"

"உண்டு."

"அப்ப கரண்ட் வாள் நோக்கு."

இதை வந்து சொன்னபோது அப்பாவுக்குச் சந்தோஷம். "விக்கதுக்கு உக்காந்திருக்கவன் வேண்டாம்னு சொல்லுதாம்னா, அவன் பேச்சைக் கேக்கணும்" என்றார்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எப்போதாவது எடுக்கிற வாளுக்கு, எத்தனை மாதம் கிடந்தாலும் சுவிட்சைப் போட்டதும் ஓடுகிற மோட்டார்தான் நல்லது. வெட்ட வேண்டிய மரங்களோ பம்ப்செட் அறையைச் சுற்றியே நிற்கின்றன. ஆனால் கரண்ட் வாள் எங்கே கிடைக்கும்? வைகாசி பாதி போய்விட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய் அந்த மரத்தை அண்ணாந்து பார்ப்பேன், திரும்புவேன். சாயந்தரம் மறுபடி போவேன்.

"நீ பாத்துக்கிட்டே இருந்தா அது நிமிந்துருமால?" என்றாள் அம்மா.

அப்போதுதான் கடைக்கு வந்த ஒருவர் கடையநல்லூர் பாயைப் பற்றிச் சொன்னார். சவூதியிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் வாள், கரண்டில் ஓடுவது, பதினாலு அங்குலம், பெட்டி பிரிக்காதது. கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் நோட்டில் எழுதியிருந்தது அப்படியே வந்து நிற்கிறதே.

போவதற்கு முந்தின நாள் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். "வாங்குங்க, வேண்டாங்கலை. ஆனா ஜெபம் பண்ணாம அதை ஓட்டப்பிடாது."

எங்கள் வீட்டில் புதுத்துணி, புதுத் தராசு, எதுவானாலும் ஜெபம் பண்ணித்தான் தொடங்குவோம். அப்பா கல்யாணமான புதிதில் வாங்கிய சைக்கிளை மட்டும் ஜெபத்துக்குக் காத்திராமல் ஓட்டிப் பார்த்து, தெப்பக்குளத்துப் பக்கம் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் அம்மாவிடம் அவர் வாய் திறப்பதில்லை.

கடையநல்லூர் பாய் எங்களை நல்லபடியாக உட்காரவைத்து டீ கொடுத்தார். பெட்டியைப் பிரித்தார். ஆரஞ்சு நிறம். சங்கிலியில் எண்ணெய்ப் பளபளப்பு. நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"போட்டுப் பாத்துட்டே எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்றார் பாய். "உள்ள பாயிண்ட் இருக்கு."

அப்பா கையை அசைத்தார். "வேண்டாம் பாய். வீட்ல சொல்லிவிட்டிருக்கா. ஜெபம் பண்ணித்தான் ஓட்டணும்."

"அதுவும் சரிதான். நாங்களும் பிஸ்மி சொல்லித்தான தொடங்குதோம்" என்ற பாய் என் பக்கம் திரும்பினார். "தம்பி, கரண்ட் விஷயமெல்லாம் தெரியும்லா?"

"பி.எஸ்.சி. பிசிக்ஸ் படிச்சிருக்கான்" என்றார் அப்பா.

"தெரியும்" என்றேன் நான்.

குருவானவருக்குப் பல ஊர்ச் சபைகள். சனிக்கிழமைதான் வர முடியும் என்று சொல்லிவிட்டார். வாங்கியது திங்கட்கிழமை. நடுவில் நான்கு நாள் அந்தப் பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனால் வெளியே இழுப்பேன், வருகிற சத்தம் கேட்டால் உள்ளே தள்ளுவேன். மோட்டாரின் அடியில் ஒரு தகடு. அதில் பாதியை அரபு எழுத்து விலைச்சீட்டு ஒன்று மறைத்திருந்தது. மீதியில் 1200 வாட் என்றிருந்தது. சீட்டைப் பிய்க்க மனம் வரவில்லை, புதுப்பொருள். 1200-ஐ 230-ஆல் வகுத்து, இத்தனை ஆம்பியர் என்று நோட்டில் எழுதி, அதற்கேற்ற பியூஸ் கம்பியை வயர்மேனிடம் சொன்னேன். அவர் தோப்பில் பாயிண்ட் போட்டார். வாளின் பிளக்கைப் பார்த்து, "என்ன தம்பி, பின்னு தட்டையா பிளேடு மாதிரி இருக்கு. பாரின்காரனுக்கு உருண்டை பிடிக்காது போல" என்றபடி அதை வெட்டிவிட்டு நம்மூர் மூன்று பின் பிளக்கை மாட்டிக் கொடுத்தார். பிளக் மாட்டுவது ஓட்டுவதாகாது என்று அம்மாவும் அனுமதித்திருந்தாள்.

வியாழக்கிழமை காற்று தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை குருவானவர் வந்தார். வாளை ஒரு ஸ்டூலில் வைத்திருந்தோம். வேடிக்கை பார்க்க வந்த மரம் வெட்டுகிற அண்ணாச்சி, "ஐயா, அந்த மரத்துக்கும் சேத்து ஜெபம் பண்ணிருங்க. அதுலா சாவப் போவுது" என்றார்.

"அது செத்து ரெண்டு வருசமாச்சு வே. உம்ம பொழப்புக்கு வேணும்னா பண்ணச் சொல்லுதேன்" என்றார் அப்பா.

குருவானவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபித்தார். வாளைப் பிடிக்கிற கைகளுக்காக, பக்கத்தில் நிற்கிறவர்களுக்காக, எலுமிச்சைக் கன்றுகளுக்காக, மின்சாரம் தடைபடாமல் இருப்பதற்காக. ஆமென் சொன்னோம். நான் வாளை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அப்பா சுவிட்சைப் போட்டார்.

அப்படி ஒரு சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கையைப் பிய்த்துக்கொண்டு போவது போல அலறியது. சங்கிலி கண்ணுக்கே தெரியவில்லை. மரத்தில் வைத்ததும் மாவு மாதிரி தூள் பறந்தது. "போடு, போடு" என்று அப்பா பின்னாலிருந்து கத்துவது கேட்டது. மரம் வெட்டுகிற அண்ணாச்சி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இருபது எண்ணுகிற நேரம் இருக்கும். நான் படித்த படிப்பெல்லாம் அந்த இருபதில் வந்து நின்றது போலிருந்தது.

பிறகு ஒரு நாற்றம். மோட்டாரின் காற்றுத் துளைகள் வழியே நீலமாகப் புகை. ஒரு முக்கல், அவ்வளவுதான், நின்றுவிட்டது.

வாளைக் கீழே வைத்துத் திருப்பினேன். சூட்டில் விலைச்சீட்டின் பசை இளகியிருந்தது. நகத்தால் தள்ளியதும் வந்துவிட்டது. 127 வோல்ட்.

"என்ன போட்டிருக்கு?" என்று அப்பா கேட்டார். சொன்னேன். அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மாதான் பக்கத்தில் வந்தாள்.

"கரண்டுல வேற வேற உண்டா மக்கா?"

"உண்டும்மா. நம்ம ஊர்ல இருநூத்தி முப்பது. சில நாட்டுல இதுல பாதி."

"இது ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

குருவானவர் என் தோளில் கை வைத்தார். நான் கையை விலக்குவது போலக் குனிந்து வயரைச் சுருட்டினேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கடையநல்லூருக்குப் பஸ் ஏறினேன். பாயின் வாப்பா வாசலிலேயே இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே கூட்டிப்போய், மிக்சிக்குக் கீழே இருந்த, கரண்டைப் பாதியாகக் குறைத்துத் தருகிற கனத்த இரும்புப் பெட்டியைக் காட்டினார்.

"இந்த டிரான்ஸ்பார்மர் இல்லாம எப்படி தம்பி ஓட்டுனீய? இங்கன சவூதிச் சாமான் உள்ள வீட்ல எல்லாம் இது இருக்குமே. போட்டுப் பாத்திருந்தா மவன் இதுலதான மாட்டிக் காட்டியிருப்பான்." அவர் சொன்னதில் குற்றம் ஏதுமில்லை. அவர்கள் ஊரில் அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. எங்கள் தெருவில் அந்தப் பெட்டியை யாரும் கண்டதில்லை. "பாதிப் பணம் வாங்கிக்கிடுங்க. மவன் கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா, "அவர் போட்டுக் காட்டுதேன்னாரு. நாமதான வேண்டாம்னோம். எந்த மூஞ்சியோட வாங்க?" என்று முடித்துவிட்டார்.

சங்கரன்கோவிலில் ஒரு நல்லது, தறி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தருகிற காயில் கடைகள் உண்டு. அதில் மிக்சி ஆர்மேச்சர் சுற்றுகிறவர் ஒருவர் வாளைப் பிரித்துப் பார்த்து, "இருநூத்தி முப்பதுக்கே சுத்தித் தாரேன். ஆறு நாளாவும்" என்றார்.

அந்த ஆறு நாளும் காற்று நிற்கவில்லை. மரம் வெட்டுகிற அண்ணாச்சியும் அப்பாவும் மரத்தை மேற்குப் பக்க வேம்போடு இரும்புக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். கயிறு லாரி ஆபீஸில் வாடகைக்கு எடுத்தது. நான் காலையில் காயில் கடை, மதியம் தோப்பு, சாயந்தரம் மறுபடி காயில் கடை. "தம்பி, நீங்க வந்து நின்னா ஒரு சுத்து கூடச் சுத்திருதேன். போயிட்டு வாங்க" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நாலாம் நாள் ஒரு கொப்பு முறிந்து ஓட்டின் மூலையை உடைத்தது. ஓட்டுத்துண்டுகள் மோட்டாருக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து கிடந்தன. அப்பா அவற்றைப் பொறுக்கி வெளியே போட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏழாம் நாள் வாள் வந்தது. இந்தத் தடவை காயில் கடையிலேயே, அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு, ஓட்டிப் பார்த்தோம். அம்மா கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, "போடச் சொல்லு" என்றாள். முன்பு போல அலறவில்லை. நிதானமான சத்தம். மரம் வெட்டுகிற அண்ணாச்சிக்குக் கூலி பேசி, அவர் சொல்லச் சொல்ல நான் மரத்தை அறுத்தேன். மேலே கொப்புகள் ஒருநாள், அடிமரம் ஒருநாள். இரண்டாம் நாள் மூன்று மணிக்கு, கயிற்றை இழுத்த பக்கம், மேற்கே, அது மெதுவாகச் சாய்ந்து விழுந்தது. அறை தப்பியது. கன்றுகளில் ஒன்று மட்டும் நசுங்கியது.

அப்பா அறுத்த கட்டையில் உட்கார்ந்து, பம்ப்செட் சுவிட்சைப் போடச் சொன்னார். வாய்க்காலில் தண்ணீர் வந்ததைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நோட்டுல எழுதிருக்கேல்லா? எவ்வளவு ஆச்சுன்னு கூட்டிச் சொல்லு."

வாள், வயர், காயில், கயிறு, ஓடு, கூலி, புனலூர் டிக்கெட் வரை கூட்டினேன்.

"குருவானவருக்கு வச்ச காணிக்கையைச் சேத்துட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

"சேக்காத. அது செலவு இல்ல."

அது நீங்கலாக, இரண்டாயிரத்து நூற்று எண்பத்து நான்கு ரூபாய்.