பல்லக்காவின் முதல் விமானப் பயணம்

பொய்ப்பல் செய்வது அவள் வேலை. பல் மருத்துவமனையின் பின்னறையில் மெழுகும் மாவுமாகக் கிடந்தவளைத் தெருவே பல்லக்கா என்றுதான் கூப்பிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போனபின் அவளுக்கென்று மிச்சமிருந்தது ஒரே தம்பி. லிப்ட் மெக்கானிக்கான அவன், கடல் தாண்டி ஒரு பெரிய நகரத்தில் மனைவியோடு இருந்தான். போன வருடமே அக்காவுக்கு விசா எடுத்து வைத்துவிட்டு, "வாக்கா, வாக்கா" என்று கெஞ்சினான். வேலையைச் சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

ஒரு காலையில் தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, அவருக்கு மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு. உடனே வாங்க."

டிக்கெட் போடும் பெண் கணினியைப் பார்த்துச் சொன்னாள்: "எட்டாயிரம் கிலோமீட்டர்க்கா. நேரா போனா பத்து மணி நேரம். ஆனா அது நாளைக்கழிச்சுதான். இன்னிக்கே கிளம்பணும்னா நடுவுல இறங்கி மாறணும். எல்லாம் சேர்த்து இருபத்தொரு மணி நேரம் ஆயிடும்."

"பரவால்லம்மா, இன்னிக்கே போடு. என்னால இங்க உக்காந்திருக்க முடியாது."

விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் பேசும்போதெல்லாம் அவர் வாயில் டக் டக் என்று சத்தம் கேட்டது. அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "கீழ்ப்பல் செட் தளர்ந்துபோச்சுங்க. மாத்திடுங்க."

அவர் திடுக்கிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாச் சொல்லும்மா. சொந்தப் பல்லுன்னு சொல்லித்தான் ரெண்டாங்கல்யாணம் பண்ணியிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

விமானம் மாறிய ஊரில் அவள் போன் வேலை செய்யவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல், பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த விமானத்தில் சாப்பிட்டாள், தூங்கினாள்.

போய் இறங்கியதும் வாசலில் தம்பி மனைவியே நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவள். அவளைப் பார்த்ததுமே பல்லக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"எப்போ?"

"நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துலேயே, அண்ணி. எத்தனை தடவை போன் போட்டேன் தெரியுமா?"

பிணவறையில் தம்பியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்ன வயதில் பந்து பட்டு உடைந்த அவன் முன்பல்லுக்கு அவள்தான் மாற்றுப்பல் கட்டியிருந்தாள். அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. வாயை மூடிவிடப் பார்த்தாள். விறைத்த தாடை அசையவில்லை.

எல்லாம் முடிந்து ஊர் திரும்பியவள் மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள். பின்னறையில் உடன் வேலை செய்பவள் காபியை நீட்டி, "கடைசியா முகத்தையாவது பார்த்தீங்களே" என்றாள்.

"பார்த்தேன்," என்றாள் பல்லக்கா. காபியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "அவன் செத்துக் கிடந்தப்போ நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன்டி," என்றாள்.

உடனிருந்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பல்லக்கா மெழுகை எடுத்து உருக்க ஆரம்பித்தாள். காபி ஆறிப்போயிற்று.