மட்டிப்பழத் தோல்

கனிந்த மட்டி வாழைப்பழ வாசனையும் பறவை எச்சத்தின் நெடியும் கலந்து மூக்கில் ஏறினால் என் கை இன்றைக்கும் தானாகக் கன்னத்துக்குப் போகும். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில், காற்றாலைகளுக்கு நடுவே, அப்போது ஒரு பறவைப் பூங்கா இருந்தது. அம்மாவுக்கு அங்கே கிளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அந்த வேலையால்தான். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த லீவில், ஒருநாள் என்னையும் ஒத்தாசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம். கிளிகளுக்கு வாங்கும் பழம் குறைகிறதென்று மேனேஜருக்குக் கொஞ்ச நாளாகவே குடைச்சல். சாயங்காலம் வாட்ச்மேன் வேலைக்காரப் பெண்களின் சோற்றுப்பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். பிடிபட்டால் அன்றோடு வேலை போச்சு. "ஒண்ணுலயும் கை வைக்காத மக்கா, கண்ணெல்லாம் நம்ம மேலதான்" என்று அம்மா பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள்.

நான் தண்ணீர்க் கிண்ணங்களைத் தேய்த்துக் கழுவினேன். கிளிகளும் என்னை நம்பவில்லை. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அளந்துவிட்டு மறுகோடிக்கு நகர்ந்தன. பகலில் அவற்றுக்குத் தீனி கிடையாது. சூரியகாந்தி விதை வாங்கி நீட்டும் ஜனங்களின் கையில் வந்து உட்கார வேண்டுமென்றால் பசி இருக்க வேண்டும் என்பது மேனேஜரின் சட்டம்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். பழக்கூடையருகே குனிந்த அம்மா, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு மட்டிப்பழத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனாள். காலையில் சாப்பிடவில்லையே, பசிக்குத்தான் எடுத்திருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும் மனசு ஆறவில்லை.

மத்தியானம் மேனேஜர் குப்பைக்கூடையிலிருந்து ஒரு பழத்தோலை எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டினார். "ஸ்டெல்லா, இது யாரு தின்னது?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான்தான் சார் தின்னேன். பசிச்சுது."

மறு நொடி கன்னத்தில் விழுந்தது அடி. அதுவரை அம்மா என்னை அடித்ததேயில்லை. மேனேஜரே பதறிப்போய், "சின்னப்பிள்ளதானே, விடு" என்று நகர்ந்துவிட்டார். அம்மாவின் வேலை தப்பித்தது.

அவர் போனதும் அம்மா என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போனாள். அங்கே தனிக்கூண்டில் ஒரு கிழட்டுப் பஞ்சவர்ணக்கிளி, நெஞ்சு இறகையெல்லாம் தானே பிடுங்கிப்போட்டு, தோல் தெரிய உட்கார்ந்திருந்தது. அலகோரத்தில் பழம் ஒட்டியிருந்தது. அந்தக் கிளியைப் பார்க்க யாரும் வருவதில்லை. அதனால் அதற்கு விதையும் இல்லை, சாயங்காலம் வரை பட்டினிதான். அம்மா அதை விரலால் சுட்டிக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

பூங்காவை மூடிப் பல வருஷமாகிறது. கூண்டுகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. அந்த இடத்தில் இப்போது முள்ளுதான் மண்டிக்கிடக்கிறது. போன மாதம் அந்த வழியாகக் காரில் போனபோது என் கணவரிடம் இந்தக் கதையைச் சொல்லி, "மேனேஜரு முன்னால அம்மா நடிச்ச நடிப்ப நீங்க பாத்திருக்கணும்" என்று சிரித்தேன். பின் ஸீட்டிலிருந்த அம்மா சிரிக்கவில்லை.

"அந்த அடி நடிப்பொண்ணும் இல்ல. பழத்தக் கிளிக்குக் குடுத்திருப்பேன்னு உனக்கு ஏன் மக்கா தோணல? பெத்தவ கள்ளின்னு நெனச்சதாலதானே நீ முந்திப் பழிய ஏத்துக்கிட்ட?"